கரு கலைந்த பின் ஆறு வாரம்: ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் நம் பெண்களின் வரலாறு

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டால் ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் லீவு என்று இதை நினைக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தில் எழுதி வைத்த உரிமை இது. 1995-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மருத்துவர் சட்டப்படி செய்யும் கருக்கலைப்புக்கும் இதே ஆறு வாரம் உண்டு. இ.எஸ்.ஐ. சந்தா கணக்கு சரியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தர வேண்டும்.

இதை நம் காலனிகளில் சொன்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். கலைந்த மூன்றாம் நாளே மெஷினில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். 'வயித்தக் கழுவிட்டு வந்தேன்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

உலக நலவாழ்வுத் துறையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கருக்கலைப்புக்குப் பிந்தைய பராமரிப்பு. கரு தானாகக் கலைந்தாலும் கலைக்கப்பட்டாலும், அதன்பின் வரும் உதிரப்போக்குக்கும் தொற்றுக்கும் சிகிச்சை தருவது, மனம் தேற உதவுவது, அடுத்த கர்ப்பம் எப்போது, வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவெடுக்கத் துணை நிற்பது. இத்தகைய திட்டங்களை ஒரு நாட்டில் எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது, எப்படி மதிப்பிடுவது என்று கையேடுகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு நம் பாலாற்றங்கரையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு ஒரே கேள்விதான் எழுந்தது. இந்தத் திட்டங்களையெல்லாம் தீட்டியவர்கள் யாருடைய உடலை மனதில் வைத்துத் தீட்டினார்கள்?

கதையில் இல்லாத பெண்

வேலூர் மருத்துவ வரலாறு என்றால் எல்லோரும் ஐடா ஸ்கட்டரில் இருந்துதான் தொடங்குவார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கியது என்பது எல்லோரும் அறிந்த கதை. வந்த மூவரில் ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், இன்னொருவர் சாதி இந்து. 1900-இல் ஐடா வேலூர் வந்தார். 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்தப் பணியின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் சேரிப் பெண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவளுக்காகக் கதவைத் தட்ட அந்த இரவில் யாரும் வரவில்லை.

அந்த இரவுகளில் அவள் எங்கே இருந்தாள்? பல ஊர்களில் அவள் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேறுகால இரத்தம் தீட்டு என்றது சாதி. அந்தத் தீட்டைத் தொடும் வேலையைச் சவரத் தொழில் செய்த மருத்துவர் சமூகப் பெண்களும் சேரிப் பெண்களும் செய்தார்கள். செத்த மாட்டின் தோலும் தீட்டு. அதை உரிப்பதும் நம் வேலையானது. வட ஆற்காட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறியபோது, சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள் நம் பாட்டன்மார். பிரசவ அறிவு நம் பாட்டிமாரிடம் இருந்தது. ஆனால் அவர்கள் உடம்புக்கு ஒன்று வந்தால் பார்க்க ஆளில்லை.

இதற்குமேல் சட்டம் வேறு வந்து உட்கார்ந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசைவு தெரிந்தபின் என்றால் ஏழு ஆண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். எருக்கங்குச்சியும் நாட்டு மருந்தும் நம் வீடுகளின் பின்கட்டுக்குப் போனதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. இரத்தம் நிற்காமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போனால் முதல் கேள்வி 'என்ன பண்ணினே?' என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி இன்றும் மாறவில்லை.

அண்ணலின் இரண்டு வாதங்கள்

பெண்ணின் கர்ப்பத்தை உழைப்போடும் உரிமையோடும் சேர்த்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதா வந்தபோது அவர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன்; ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். அதேநேரம் பெண்ணை வேலைக்கு வைத்து இலாபம் பார்க்கும் முதலாளியும் தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். சென்னை மாகாணத்திலும் 1934-இல் பேறுகாலப் பயன் சட்டம் ஒன்று வந்தது.

1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே செய்துதர வேண்டும் என்ற தீர்மானத்தை அவருடைய கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோகம், அண்ணலின் சார்பில் முன்மொழிந்தார். அடுத்தடுத்த பேறுகளால் பெண்ணின் உடல் சிதைவதும், வேண்டாத கர்ப்பத்தைக் கலைக்கப் போய் உயிரை விடுவதும் அதில் பேசப்பட்டன. தீர்மானம் தோற்றது. இங்கே தமிழ்நாட்டில் அதே காலத்தில் பெரியார், கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது பெண்ணின் விடுதலைக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெண் தொழிலாளியின் உரிமை. கர்ப்பம் பெண்ணின் முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் கருக்கலைப்புக்குப் பிந்தைய பராமரிப்புக்கு முழு இலக்கணம் கிடைத்துவிடும். பின்னால் வந்த அரசுகள் இரண்டையும் பிரித்துப் போட்டன.

1971: உரிமையா, எண்ணிக்கையா?

1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் மைய அரசு ஒரு குழு அமைத்தது. 1966-இல் வந்த அறிக்கை, 50 கோடி மக்கள் வாழும் நாட்டில் ஆண்டுக்கு 39 இலட்சம் கருக்கலைப்புகள் நடக்கலாம் என்று மதிப்பிட்டது. அதன் விளைவுதான் 1971-இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். உலகின் பல நாடுகளுக்கு முன்னோடியான சட்டம் என்று பெருமை பேசுவார்கள். சாவுகளைத் தடுக்கும் அக்கறை அதில் இருந்தது உண்மை.

ஆனால் அதன் உள்ளே பாருங்கள். கருத்தடை பலிக்காமல் போனால் கலைக்கலாம் என்ற விதி, மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காக என்று எழுதப்பட்டது. கைம்பெண், மணமாகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள் இந்த வரிக்கு வெளியே. 'பெண்ணும் அவள் இணையரும்' என்று அந்த வரி மாற 2021 திருத்தம் வரை ஐம்பது ஆண்டு ஆனது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 செப்டம்பர் 29 அன்று.

எண்ணிக்கைதான் அரசின் கவலை என்பது நெருக்கடி நிலையில் வெளிச்சமானது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். இலக்கை நிரப்ப அதிகாரிகள் தேடிப் போனது ஏழைகளையும் தலித்துகளையும் இசுலாமியர்களையும்தான்.

அதன்பின் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைப் பிடித்துக்கொண்டார்கள். மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன் 1990-களில் தமிழ்நாட்டு அரசு மகப்பேறு வார்டுகளில் ஆய்வு செய்து 1998-இல் எழுதினார். பிரசவத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்குப் பிறகும் ஏழைப் பெண்களுக்குச் சம்மதம் கேட்காமலே காப்பர்-டி போடுவது வழக்கமாக இருந்தது என்று பதிவு செய்தார். படுத்திருக்கும் பெண்ணுக்கு உள்ளே என்ன வைத்தார்கள் என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் உதிரம் போனபின்தான் தெரியும். கருத்தடை சாதனத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. கரு கலைந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே மீண்டும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. ஆகவே விரும்பும் பெண்ணுக்கு அன்றே கருத்தடை கிடைக்க வேண்டும். கேட்காமல் வைப்பது பராமரிப்பு ஆகாது, அத்துமீறல். 1996-இல் நாடு முழுக்க இலக்கு முறை கைவிடப்பட்டது என்றார்கள். ஆனாலும் இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அப்படிச் செய்துகொண்டவர்கள் மிகச் சொற்பம்.

இதே தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் தலித் பெண்களே சேர்ந்து ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். தங்கள் உடம்பைத் தாங்களே படித்து, மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மையத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. கருவைக் கலைக்கக் குடும்பம் சம்மதிக்கிறது. ஆனால் கணவனிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை மனைவிக்கு இல்லை. வேண்டாத கர்ப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. வார்டில் காப்பர்-டி போட்டவர்கள் கேட்காத கேள்வியை இந்தப் பெண்கள் கேட்டார்கள். பராமரிப்பு என்பதை வீட்டு வாசலுக்கு உள்ளே வரை கொண்டுபோனார்கள்.

தோல் பட்டறைக்குள் பெண்

1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மைய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக ஏற்றுமதி செய்யுங்கள் என்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைக் கதையே இதனால் மாறியது. டேனரி ஆண்களின் இடமாக இருந்தது. ஷூ கம்பெனி பெண்களைக் கூப்பிட்டது. கம்பெனி வண்டிகள் விடியலிலேயே காலனிகளுக்கு வந்தன. தோலை அளந்து வெட்ட, தைக்க, பசை ஒட்ட, முடித்துத் துடைக்க நம் பெண்கள் போனார்கள். ஐரோப்பியக் காலில் ஏறும் ஷூவின் மேற்பகுதியை, இங்கே 'அப்பர்' என்பார்கள், அவர்கள் தைத்தார்கள்.

இந்த வேலையைப் பெண்ணின் உடம்பிலிருந்து பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்க வேண்டும், அல்லது நின்றே ஒட்ட வேண்டும். மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. கழிப்பறைக்கு எழுந்தால் சூப்பர்வைசர் பார்வை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த உடம்பில் இன்னும் இரத்தம் போனால் என்ன ஆகும் என்று மருத்துவம் படித்துத்தான் தெரிய வேண்டுமா?

அந்த ஆறு வாரம் இங்கேதான் காணாமல் போகிறது. லீவு வாங்கக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். சான்று வேண்டும்; மாத்திரையில் கலைத்தவளுக்குச் சான்று ஏது? சட்டத்தின் வரையறையைப் பாருங்கள்: தண்டனைக்குரிய வழியில் கலைத்திருந்தால் அது 'கருச்சிதைவு' கணக்கிலேயே வராது. காண்ட்ராக்ட் பெண்ணுக்குச் சந்தா நாட்கள் கணக்கில் ஏறியிருக்காது. ஆகவே 'வயிற்றுப்போக்கு' என்று சொல்லி இரண்டு நாள் லீவு போடுகிறாள். மூன்றாம் நாள் வண்டி ஏறுகிறாள்.

இதைவிடக் கீழே இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் அப்பர் தைக்கும் பெண்கள். இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எந்தக் கம்பெனி பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது. இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை, ஆறு வாரமும் இல்லை.

முடியாத காரியம் என்பார்கள். இதே வட்டாரத்தில் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணைப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்று வரையறுத்தது. பேறுகாலப் பயன் சட்டத்தை அவருக்கும் பொருத்தியது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பீடி, அடுத்த வீட்டில் ஷூ. பீடி சுற்றுகிறவளின் கரு சட்டத்துக்குத் தெரியும். ஷூ தைப்பவளின் கரு தெரியாது. 1966-இல் பீடிக்கு முடிந்தது, வெளிநாட்டுப் பணம் கொண்டுவரும் தோலுக்கு இன்றுவரை ஏன் முடியவில்லை? வீட்டுவேலைத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டின் 177-ஆவது ஐ.எல்.ஓ. உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை.

உலகம் எழுதிய கையேடு

இனி அந்தக் கையேடுகளுக்கு வருவோம். 'கருக்கலைப்புக்குப் பிந்தைய பராமரிப்பு' என்ற கருத்தை 1991-இல் ஐபாஸ் என்ற அமைப்பு முன்வைத்தது. 1993-இல் பல அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1994 கெய்ரோ மாநாட்டில், கருக்கலைப்பு சட்டப்படி சரியோ தவறோ, அதனால் வரும் சிக்கலுக்குச் சிகிச்சை எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்பின. இதற்குப் பின்னால் ஒரு அரசியல் உண்டு. 1973 முதல் அமெரிக்க உதவிப் பணத்தில் கருக்கலைப்பு செய்யக்கூடாது. 1984 முதல், அமெரிக்க ஆட்சி மாறும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசும் அமைப்புகளுக்கும் பணம் நின்றது. கருக்கலைப்பைப் பேச முடியாத இடத்தில், கலைந்தபின் சாகாமல் காப்பதையாவது பேசலாம் என்று வந்த சமரசம் இது. அந்தச் சமரசமும் பல உயிர்களைக் காத்தது.

2002-இல் அந்தக் கூட்டமைப்பு ஐந்து கூறுகளை வகுத்தது: சிகிச்சை, ஆலோசனை, கருத்தடைச் சேவை, பிற நலச் சேவைகளோடு இணைப்பு, சமூகத்தோடு கூட்டு. நல்ல பட்டியல். பழைய சுரண்டல் முறையான டி.என்.சி.யை விட்டு, உறிஞ்சு முறைக்கும் மாத்திரைக்கும் மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அதைத்தான் வலியுறுத்தியது. இவையெல்லாம் எங்களுக்கும் வேண்டும்.

ஆனால் ஐந்து கூறுகளில் கூலி எங்கே? மூன்றாம் நாள் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு எத்தனை நல்ல சிகிச்சை கொடுத்தாலும் அது பாதி வேலைதான். அரசு, மருத்துவமனை, சமூகம் என்று திட்டமிடுபவர்களின் படத்தில் கம்பெனி இல்லை, காண்ட்ராக்டர் இல்லை. சாதியும் இல்லை. இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் இணையதளம் ஒரே நாளில் மறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அடுத்தவர் பணத்தில், அடுத்தவர் மொழியில் எழுதிய அறிவு, அடுத்தவர் நினைத்தால் அணைந்துவிடும்.

மாத்திரைக் காலம்

2002-இல் கருக்கலைப்பு மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலத் தரவுகளைக் கொண்டு செய்து 2018-இல் வெளியான ஆய்வு, 2015-இல் நாட்டில் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்ததாகவும் மதிப்பிட்டது. எருக்கங்குச்சியோடு ஒப்பிட்டால் மாத்திரை எத்தனையோ பாதுகாப்பானது. தமிழ்நாட்டிலோ கெடுபிடிக்கு அஞ்சிப் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்புகள் அதை வைப்பதே இல்லை. முறையான வழி மூடினால், தேவை நின்றுவிடுவதில்லை. கள்ள வழியில் கூடுதல் விலைக்குப் போகிறது.

ஆகவே சிலவற்றை நாமே தெரிந்து வைத்திருப்போம். கரு கலைந்தபின் தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்தால், காய்ச்சல் தணியாவிட்டால், துர்நாற்றத்தோடு நீர் பட்டால், தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எப்படிக் கலைந்தது என்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. போலீஸ் வழக்காக இருந்தாலும் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 18 வயதான பெண்ணுக்குச் சட்டப்படிக் கருக்கலைப்பு செய்ய அவள் கையெழுத்து போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

நம் கணக்கு

பாலாற்றை நஞ்சாக்கியதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டமாக்கியது. ஆற்றுக்கு அந்த நியாயம் என்றால் உடம்புக்கும் அதே நியாயம்தான். உழைப்பை வாங்கியவன், அந்த உடம்பு தேறும் செலவையும் ஏற்க வேண்டும். அண்ணல் 1928-இல் கேட்டதும் இதைத்தான்.

2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஆறு வாரம் இருக்கிறது. அதைக் காகிதத்திலிருந்து கீழே இறக்க நாங்கள் கேட்பவை இவை. ஆறு வார உரிமையை ஒவ்வொரு ஷூ கம்பெனியிலும் பெண்கள் கண்ணில் படும் இடத்தில் தமிழிலும் உருதுவிலும் எழுதி வைக்க வேண்டும். லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுத வற்புறுத்தாமல், மருத்துவர் சான்று ஒன்றே போதும் என்று ஆக்க வேண்டும். வீட்டில் அப்பர் தைக்கும் பெண்ணைப் பீடித் தொழிலாளியைப் போலவே தொழிலாளி என்று அறிவித்து, அவளுக்கான சந்தாவை ஷூவில் பெயர் பொறிக்கும் நிறுவனமும் ஏற்றுமதிக் கம்பெனியும் கட்ட வேண்டும். பகுதியின் அரசு மருத்துவமனைகளிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் கலைந்தபின் சிகிச்சை எந்நேரமும், ஏச்சுப்பேச்சு இல்லாமல் கிடைக்க வேண்டும். கருத்தடை எதுவானாலும் கேட்டுத்தான் தர வேண்டும்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். கூலி உயர்வு, போனஸ், பி.எஃப். என்று கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, இது 'பொம்பளை சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். தீட்டு என்று சொல்லித்தான் நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அதே தீட்டை நம் சங்கக் கூட்டத்துக்குள் நாமே கொண்டுவரலாமா? அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக ஆறு வாரத்தை எழுதுங்கள். எழுதும் கை ஒரு பெண்ணுடையதாக இருக்கட்டும்.

ஜெய்பீம்!